நண்டுப் பண்ணையை மூடிவிடாதே, மருமகளே

மாதா துணை

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

என் ஒரே அக்காள் பெற்ற ஒரே மகளும், பெங்களூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பத்துப் பேரை வேலை வாங்குகிறவளும், எண்ணூர் நண்டுப் பண்ணையின் முதலாளியுமான அன்பு மருமகள் டெபோராவுக்கு உன் தாய்மாமன் சிலுவைமுத்து நெற்றியில் சிலுவை போட்டு எழுதுவது. இங்கே ஆண்டவர் தயவில் நானும் உன் அத்தை எல்சியும், அவளுக்கு முட்டி வலி, எனக்கு மனசு வலி, இந்த இரண்டைத் தவிர மற்ற எல்லா விதத்திலும் நன்றாகவே இருக்கிறோம். அங்கே குளிர் அதிகம் என்று கேள்வி. காதில் துணி கட்டிக்கொண்டுதான் ஆபீசுக்குப் போக வேண்டும் என்று அத்தை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

போன ஞாயிறு நீ போனில் பேசியது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "மாமா, நீங்க பேச ஆரம்பிச்சா நான் கேட்ட கேள்வியே எனக்கு மறந்துபோகுது. அதனால பேசாதீங்க. எழுதி அனுப்புங்க. போட்ட பணம் எங்க போச்சு, வந்த பணம் எங்க போச்சு, மிச்ச நண்டை யாரு காசுல வளர்க்கப் போறீங்க, அதை மட்டும் எழுதுங்க. பதில் சரியில்லைன்னா வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து பண்ணையை மூடிட்டு, இருக்கிற நண்டை வந்த விலைக்கு வித்துட்டுப் போயிடுவேன்" என்று சொல்லி நீ டக்கென்று வைத்துவிட்டாய். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் அத்தை ஊறப் போட்ட உளுந்து இருந்தது. அது தனிக் கதை. அம்மா டெபோரா, நடுக்கடலில் புயல் அடித்தபோது நங்கூரக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, எங்கள் போட்டைக் காப்பாற்றியவன் உன் மாமன். கத்தியால்தான் அறுத்தார்கள் என்று கூட இருந்தவர்கள் இன்றைக்குச் சொல்லுகிறார்கள். அவர்களுக்கு வயசாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட நான், மூடிவிடுவேன் என்ற உன் வார்த்தையைக் கேட்டு ஆடிப்போய்விட்டேன். உன் இத்தனை வருஷச் சேமிப்பு அந்தக் குட்டையில் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? என் மானமும் அதே குட்டையில்தான் கிடக்கிறது. ஆகவே ஒன்று விடாமல் எழுதுகிறேன். முழுதும் படித்த பிறகு கோபப்படு. பாதியில் கோபப்பட்டால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

முறைப்படி முதலில் பண்ணை. எண்ணூர் முகத்துவாரத்துக்கு உட்பக்கம், பழைய உப்புப் பாத்தி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றிலும் வலை கட்டி, மதகு வைத்து, மோட்டார் போட்டு, ஆசியாக் கண்டத்திலேயே இல்லாத மாதிரி ஒரு குட்டையை நானும் செல்வமும் வெட்டினோம். செல்வம் வெட்டினான், எங்கே வெட்ட வேண்டும் என்று நான் காட்டினேன். காட்டுவதுதான் கஷ்டம். செல்வத்தை உனக்குத் தெரியும், எண்ணூர்க் குப்பத்துக்காரன், என்னோடு ஃபைபர் போட்டில் பாதி ஆயுசைக் கழித்தவன், என்னை மாமு என்றுதான் கூப்பிடுவான். தொழில் என்னவென்றால், சேற்று நண்டு ஓடு கழற்றிய புதிதில் மேலே பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும், உள்ளே சதை இருக்காது, வெறும் தண்ணீர். சந்தையில் அதை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள், சல்லிசாகக் கிடைக்கும். அதை வாங்கிக் குட்டையில் விட்டு, ஏலத்தில் ஒதுக்கிய கழிவு மீனை வேளாவேளைக்குப் போட்டுக்கொண்டே இருந்தால், மூன்று நான்கு வாரத்தில் உள்ளே சதை நிறைந்து கல் மாதிரி ஆகிவிடும். அதே நண்டு மூன்று மடங்கு விலைக்கு, கொடுக்கைக் கட்டி, உயிரோடு, விமானத்தில் சிங்கப்பூர் போகும். உன் மாமன் இந்த வயசு வரைக்கும் விமானத்தில் ஏறியதில்லை. உன் மாமன் வளர்த்த நண்டு ஏறியிருக்கிறது. அங்கே ஒரு மந்திரி நம் நண்டைச் சாப்பிட்டுவிட்டு, இதை வளர்த்த மகராசன் யார் என்று கேட்டாராம். கேட்டிருப்பார். கேட்காமல் எப்படி இருப்பார்?

இனி நீ கேட்ட பணத்துக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள நம் கடல் தொழிலின் வழக்கம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் அப்பா ரயில்வேக்காரர், மாதம் பிறந்தால் சம்பளம், உனக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எங்களுக்கு எல்லாம் கரையிலேயே முடிந்துவிடும். போட் கரை சேரும், மீன் ஏலம் போகும், காசு கையில் விழும். முதலில் டீசல் காசு, ஐஸ் காசு, சாப்பாட்டுக் காசு எடுத்து வைப்போம். மிச்சம் இருப்பதை அங்கேயே மணலில் உட்கார்ந்து பங்கு போடுவோம். போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, ஏறிப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு, சாமிக்கு ஒரு கை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விடலாம். நாளைக்கு என்ன என்பதைக் கடல் பார்த்துக்கொள்ளும். காசை ராத்திரி தங்கவிட்டால்தான் எங்களில் சண்டை வரும். பங்கு போட்ட காசில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

அந்த வழக்கப்படிதான், டெபோரா, முதல் தடவை நண்டு விற்ற சாயங்காலம், குட்டைக் கரையில் நானும் செல்வமும் சப்பணம் போட்டு உட்கார்ந்தோம். வாங்க வந்தது தங்கப்பாண்டி, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், திருவொற்றியூரில் இருக்கும் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்கு நண்டு பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட். அந்தத் தடவை அவன் ரொக்கமாகவே கொடுத்துவிட்டுப் போனான். நான் துண்டை விரித்துப் பணத்தை நடுவில் வைத்தேன். செல்வம் முறைப்படி ஆரம்பித்தான்.

"மாமு, டீசல் எவ்ளோ?"

"ஏதுடா டீசலு? குட்டை இன்னா நடுக்கடலுக்கா போய்ட்டு வந்துச்சு?"

"அப்போ ஐஸு?"

"நண்டு உயிரோட போவுது. அதுக்கு எதுக்கு ஐஸு?"

"நாஸ்டா?"

"உன் பொண்டாட்டி கட்டிக் குட்த்தா, நாம துன்னோம்."

செல்வம் என்னைப் பார்த்தான், நான் செல்வத்தைப் பார்த்தேன். "அப்போ செலவே இல்லியா மாமு?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செலவே இல்லாத தொழில்! பாடுபட்டு வந்த காசில் பாதியை டீசல்காரனுக்குக் கொடுத்தே எங்கள் தலைமுடி நரைத்தது. இவ்வளவு நல்ல தொழிலை வைத்துக்கொண்டு பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஏன் டிவியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை. உடனே பங்கு போட்டோம். குட்டைக்கு ஒரு பங்கு, அது முதலாளியான உனக்கு. வேலி வலைக்கு ஒரு பங்கு, வலை செல்வத்தின் பழைய வலை, அது அவனுக்கு. மோட்டாருக்கு ஒரு பங்கு, மோட்டார் உன் காசில் வாங்கியதுதான், ஆனால் வண்ணாரப்பேட்டையிலிருந்து அதைத் தோளில் சுமந்து வந்தது யார்? ஆட்டோ பாதி தூரம்தான் வந்தது. ஆகவே அது எனக்கு. ஆளுக்கு ஒரு பங்கு. சாமிக்கு எடுத்ததில் பாதி நம் மாதாவுக்கு, பாதி செல்வத்தின் கங்கையம்மனுக்கு. உன் பங்கை அன்றைக்கே எதிர்வீட்டு டெரிக் மூலமாக உன் போனுக்கு அனுப்பினேன். நீயும் "சூப்பர் மாமா" என்று எழுதி, இரண்டு கண்ணிலும் இதயம் வைத்த ஒரு மூஞ்சி அனுப்பினாய். அந்தக் காசில் துணி துவைக்கிற மிஷின் வாங்கியதாகவும் சொன்னாய். குத்திக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. வந்த பணம் எங்கே போனது என்று கேட்டாயே, அதற்காகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் விழுந்தது முதல் இடி. குட்டையில் தண்ணீர் இருக்கிறது, வலை இருக்கிறது, மதகு இருக்கிறது, நண்டு இல்லை. நான் கரையில் நின்று பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. கடல் என்றால் வந்திருக்கும். கடலில் இன்றைக்குப் பிடித்தால் நாளைக்கு வேறு மீன் வரும், அதை யார் காசு கொடுத்து வாங்கி விட்டார்கள்? இங்கே விற்ற பொருளை நாமே மறுபடி காசு கொடுத்து வாங்கி விட வேண்டுமாம்! இப்படி ஒரு அநியாயத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. அந்த அதிர்ச்சியில் நிற்கும்போதே, கூடையோடு பவுனம்மாள் வந்துவிட்டாள். செல்வத்தின் பெண்டாட்டி. காசிமேட்டு ஏலத்தில் ஒதுக்குகிற மீனை அள்ளி வந்து நம் பண்ணைக்குத் தீனி போடுவது அவள்தான். அதுவரை எல்லாமே கடன்.

"அண்ணாத்த, இத்தினி நாளு போட்ட மீனுக்குத் துட்டு?"

"நேத்தே பங்கு போட்டாச்சே பவுனு."

"அதுல மீனுக்கு எது பங்கு?"

"மீனு இன்னா எங்கூட வேல செஞ்சுதா, பங்கு குடுக்க?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கூடையைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று ராயபுரத்தில் எல்லாருக்கும் தெரியும். "நேத்து பிளேன் ஏறிப் போச்சே நண்டு, அதுல பாதி ஒடம்பு என் மீனு. உன் நண்டு இன்னா காத்தத் துன்னுட்டா கொழுத்துச்சு?"

"செல்வத்துக்கு ரெண்டு பங்கு போயிருக்கே. எல்லாம் உன் வூட்டுக்குத்தான வந்துச்சு?"

"அது புருசன் துட்டு. இது யாவாரத் துட்டு. ரெண்டையும் ஒண்ணாக் கலக்குற பாரு, அதாலதான் உன் குட்டையில தண்ணி மட்டும் கீது" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள். ஆம்பிளைகள் நாங்கள் இரண்டு பேரும் கழுவின குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனால் உன் மாமன் அசந்துவிடுவானா? முகத்துவாரத்தில் நண்டு பிடிக்கிறவர்களிடம் போய், இந்த மீசையை நம்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். லாரி லாரியாகக் கொடுத்தார்கள் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், ஆகவே கூடை கூடையாக என்று வைத்துக்கொள். குட்டை நிறைந்துவிட்டது. தீனிதான் இல்லை. பவுனம்மாள் பழைய பாக்கி வராமல் ஒரு மீன் வாலைக்கூடக் காட்ட மாட்டேன் என்றாள். எவ்வளவு நாள் பட்டினி கிடந்துவிடும், நோன்பு இருப்பது போல் இருக்கட்டும், நாமெல்லாம் தவக்காலத்தில் இருக்கிறோமே என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டொரு நாளில் நண்டு குறைய ஆரம்பித்தது. வலையில் கிழிசல் இல்லை. மதகு பூட்டியபடி இருக்கிறது. ஓடு மட்டும் அங்கங்கே கரையோரம் ஒதுங்குகிறது. எவனோ திருடுகிறான், திருடித் தின்றுவிட்டு ஓட்டை நம் குட்டையிலேயே போட்டுவிட்டுப் போகிற அளவுக்குத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டினேன். பட்டப்பகலில் திருடனைப் பிடிக்க நானும் செல்வமும் துடுப்பும் கையுமாக மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்தோம். திருடன் வரவில்லை. செல்வம்தான் திடீரென்று என் தொடையைப் பிடித்துக் கிள்ளினான்.

"மாமு! அங்க பாரு! அய்யய்யோ!"

பார்த்தேன். டெபோரா, நான் பார்த்ததை எப்படி எழுதுவேன்! ஒரு நண்டு, தன் சொந்த இனத்தை, தன் பக்கத்து வீட்டுக்காரனை, கொடுக்கால் பிடித்து உட்கார வைத்து, காலை ஒவ்வொன்றாகப் பிய்த்து, நாம் வேர்க்கடலை உரிப்பது போல் உரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. அவசரமே இல்லை. நடுவில் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தது. "இன்னா வேணும்?" என்று கேட்கிற பார்வை. எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்று, பிறகு யோசித்து, மறுபடி ஓடியது. கடலில் சுறாவைப் பார்த்தவன் நான், திமிங்கலத்தோடு கண்ணுக்குக் கண் பேசியவன். பயந்ததில்லை. அன்றைக்குத் துடுப்பைக் கீழே போட்டுவிட்டேன். பசித்த நண்டு நண்டைத் தின்னும் என்று ஒரு மனுஷன் எனக்குச் சொல்லவில்லையே!

"நம்ம துட்ட நம்ம கண்ணு முன்னாலயே துன்னுகினு கீது மாமு" என்று செல்வம் தேம்பினான்.

"நம்ம துட்டு இல்லடா. கடனுக்கு வாங்கின நண்டு" என்று நான் ஆறுதல் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது ஆறுதல் இல்லை என்று புரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அழுதுவிட்டு நான் என்ன செய்தேன்? ஓடினேன். திருவொற்றியூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் லுப்னா அக்காவைத் தெரியுமல்லவா, சின்ன வயசில் கோயிலில் நீ புதுநன்மை வாங்கிய அன்றைக்குப் பிரியாணி போட்டவர்கள். அவர்கள் கடையில் தினமும் கோழிக் கழிவு மூட்டை மூட்டையாக வீணாகப் போகிறது. "எடுத்துனு போ தம்பி, நீ எடுத்தா எனக்குக் குப்பை வண்டிக்குக் காத்துனு இருக்கிற பேஜாரு இல்ல" என்றார்கள். நண்டுக்கு அது கல்யாணச் சாப்பாடு. பெரிய சாக்கில் கட்டி, ஷேர் ஆட்டோவில் காலுக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்ஜினீயரிங் படிக்கிற பெண் ஒருத்தி, எதிரில் ஒரு வாத்தியார், டிரைவர் பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர். எர்ணாவூர் தாண்டவில்லை, சாக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. முதலில் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். பிறகு அவள் வைத்த அலறலில் டிரைவர் பிரேக் போட, பின்னால் வந்த கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்க, போலீஸ்காரர் குதித்து இறங்கிச் சாக்கைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், இன்னாய்யா இது, கலீஜா கீது?" என்றார். "என் நண்டுங்க ஒண்ண ஒண்ணு அடிச்சுத் துன்னுதுங்க சார், அதுங்களுக்கு நாஸ்டா" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் வாத்தியாரிடம் திரும்பி, "இவர ஊட்ல சொல்லி எங்கியாவது இட்டுனு போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். மீதித் தூரம் சாக்கைத் தலையில் வைத்து நடந்தேன். நாய்கள் பின்னால் வந்தன. ஒரு கட்டத்தில் நூறு நாய் இருக்கும். தேர் பவனி மாதிரி எண்ணூருக்குள் நுழைந்தேன். நண்டு பிழைத்துக்கொண்டது. மூன்று வாரம் தினமும் அப்படியே தலையில் சுமந்தேன், அதற்கு மேல் என் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

பிழைத்ததில் பாதி சதை பிடித்து நிறைந்தது. அந்தப் பாதியைத் தங்கப்பாண்டி வந்து எடைபோட்டு வண்டியில் ஏற்றினான். மற்றப் பாதி இன்னும் உள்ளே நிறைந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை வந்து வந்த விலைக்கு விற்றுவிடுவேன் என்கிறாய். வண்டி கிளம்பும்போது வழக்கப்படி துண்டை விரித்துக் கையை நீட்டினேன். தங்கப்பாண்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அப்போ வாரேன் அண்ணாச்சி."

"வா தம்பி. துட்டு?"

"துட்டு கம்பெனிலேர்ந்து ஒரு மாசம் கழிச்சு வரும்லா. போன தடவ புதுசுங்கதால ரொக்கம் தந்தோம். இனிமே எல்லாருக்கும் அப்படித்தான். அன்னைக்கு லுப்னா அக்கா கடையில வச்சு சொன்னேனே, சரி சரின்னீங்களே?"

சொல்லியிருப்பான். பிரியாணி அவன் வாங்கிக் கொடுத்தது. லெக் பீஸ் வாயில் இருக்கும்போது சொன்னதற்கெல்லாம் சரி என்று தலையாட்டுவது எந்த மனுஷனுக்கும் இயற்கை. ஆனால் வண்டி போன பிறகுதான் எனக்குத் தலையில் இறங்கியது. நண்டு போய்விட்டது. காசு வரவில்லை. காசு இருக்கிறது, ஆனால் இங்கே இல்லை, இன்றைக்கு இல்லை. இது என்ன மாய மந்திரம்? நம் துறைமுகத்தில் காசு கைக்கு வராமல் ஒரு சங்கரா மீன் தரையை விட்டு எழும்பாது. நான் வெறும் துண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். செல்வம் பாவம், பழக்கத்தில், "டீசல் எவ்ளோ மாமு?" என்று கேட்டுவிட்டான். அவனை அடிக்கப் போனேன்.

அந்தச் சத்தத்தில் பவுனம்மாள் வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், சிரித்தாள். அது திட்டுவதைவிட மோசம். "கடல்ல தண்ணி ஏறும்போது மதகத் தொறந்து தண்ணிய உள்ள வாங்குற. வடியுறதுக்கு முன்னால ஓடிப்போய் அடைக்கிற. அதுக்கு உனக்கு யாராச்சும் சொல்லிக் குட்த்தாங்களா? துட்டு வந்தா மட்டும் மதகத் தொறந்துவுட்டு, ஆளாளுக்கு வாரிக்கினு போங்கன்னு குந்திக்கிற. அப்பால வறண்டுபோச்சுன்னு மார்ல அடிச்சிக்கிற. நீயெல்லாம் ஒரு போட்டு டிரைவர்னு உன்ன நம்பி எங்க வூட்டு ஆம்பளய இத்தினி வருசம் கடலுக்கு அனுப்பினேன் பாரு, என்னச் சொல்லணும்."

உன் அத்தை எல்சியும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பக்கத்திலேயே நின்றாள். எனக்காக நாலு வார்த்தை பேசுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். "இன்னும் நல்லா கேளு பவுனு, எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். நாற்பது வருஷத் தாம்பத்தியம்!

ஆனாலும் நடந்தது நல்லதற்குத்தான். இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தின் சாரம், இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படி. பவுனம்மாளோடு ஒப்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது. கம்பெனிக் காசு வருகிற வரைக்கும் கடனுக்கே தினமும் மீன் போடுகிறாள். அதற்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, காசு வந்தால் முதலில் அவள் கையில்தான் போக வேண்டும். அதிலிருந்து தீனிக் கடனை அவள் கழித்துக்கொள்வாள், நண்டுக்காரர்கள் கடனை அடைப்பாள், அடுத்த தடவை நண்டு வாங்கவும் அதற்குத் தீனிக்கும் எடுத்துத் தகர டப்பாவில் வைத்துப் பூட்டுவாள். அதற்கப்புறம் மிச்சம் இருந்தால்தான் பங்கு. துண்டை எல்சி பிடுங்கி வைத்துக்கொண்டாள். நானும் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டேன், காசு வந்த அன்றைக்குக் காசைத் தொட மாட்டேன் என்று. நீ படித்த படிப்பில் இதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் இருக்கிறதாம். எங்களுக்குப் பேர் தெரியாது, வேலை தெரிந்துவிட்டது. இன்றைய தேதியில் இந்தக் கரையோரத்தில் பணத்தை எப்போது விட வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே மனுஷன் உன் மாமன்தான். பக்கத்து உப்புப் பாத்திக்காரர்கள் யோசனை கேட்டு என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள். வரிசை என்றால் இரண்டு பேர்.

ஆகவே, என் தங்கமே, ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தாலும் மூட வராதே, மதியம் சாப்பிட வா. உள்ளே இருக்கிற நண்டு இப்போது பாதிதான் நிறைந்திருக்கிறது, இப்போது விற்றால் தண்ணீர் விலைதான் கிடைக்கும், உன் சேமிப்பில் முக்கால்வாசி போய்விடும். இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் ஒவ்வொன்றும் கல்லாக நிற்கும், போட்ட பணம் பத்திரமாகத் திரும்பும். அந்த இரண்டு வாரம் அது பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வழி செய்தாகிவிட்டது. உன் மாமனை நம்பு. நம்ப முடியாவிட்டால் பவுனம்மாளை நம்பு, எனக்கு வருத்தமில்லை.

உன் அம்மாவின் ஆன்மா மேலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் பார்வையில் நீ குறைவில்லாமல் வாழ்ந்து, உத்தியோகத்தில் மேலும் மேலும் உயர்ந்து, உனக்குப் பிடித்த மாப்பிள்ளை உன் வீட்டுக் கதவைத் தட்டி, எல்லா வரமும் உன் மடியில் விழ வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும்,

உன் பாசமுள்ள தாய்மாமன்,
சிலுவைமுத்து

பின்குறிப்பு: தபால் பெட்டியில் போட எடுத்துப் போன கடிதத்தை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். வழியில் தங்கப்பாண்டி பைக்கை நிறுத்தினான். கம்பெனிக்கு ஏதோ பெரிய ஆர்டர் வந்ததாம், நமக்கு ஒரு மாசம் காத்திருக்க வேண்டாம் என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டான்! பவுனம்மாள் அப்போது காசிமேட்டில் இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், டெபோரா, நான் பங்கு போடவில்லை. ஒரு நோட்டைக்கூட யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, பிரிக்காத பணம் மொத்தமாக என் மடியில் இருந்தது. அதன் கனம் என்னை என்னவோ செய்துவிட்டது. குட்டைக்குப் போனேன். நம் குட்டையை ஒட்டிய உப்புப் பாத்தி குத்தகைக்கு வருகிறது, இன்றைக்கு முன்பணம் தருகிறவருக்கே தருவேன் என்று அதன் சொந்தக்காரர் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றால் என்னைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? முழுசையும் கொடுத்து எழுதி வாங்கிவிட்டேன், உன் பெயரில்தான். வாழ்த்துக்கள். பவுனம்மாளுக்கு இன்னும் தெரியாது. தெரிகிற அன்றிலிருந்து தீனி நின்றுவிடும் என்று செல்வம் சொல்கிறான், சொல்லிவிட்டு அவன் மாதவரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். ஆகவே மேலே வராதே என்று எழுதியதை அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வா. மூடுவதாகவே இருந்தாலும் இப்போது இரண்டு பண்ணை, ஒரு நாள் லீவு போதாது, இரண்டு நாளாகச் சொல்லிவிட்டு வா.